துக்க நாளில் ஓடிய கரடிப் படம்

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி உண்டு. விடை முன்பே தெரிந்துவிட்டால் கொஞ்சம் பொறுத்திருங்கள். பக்கத்தில் இருப்பவரும் யோசிக்கட்டும்.

மருதூர்ப்பட்டினம் என்று ஒரு நகராட்சி. கேபிள் டிவி காலத்தில் அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை தெருவில் நடந்தாலே முழுப் படமும் கேட்டுவிடும். ஒரு வீட்டு ஜன்னலில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டு ஜன்னலில் பிடித்துக்கொள்ளலாம். கேபிள்காரர் அருணகிரி கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்திருந்தார். தெருவைப் பயன்படுத்துவதற்காகச் சந்தாவில் ஒரு பங்கை நகராட்சிக்குக் கட்டுவார். அந்தப் பணத்தில்தான் பூங்காவை ஒட்டிய குழந்தைகள் காப்பகம் நடந்தது. மரக்குதிரை, மதியம் ஆயா பிசைந்து ஊட்டும் பருப்புச் சாதம், பிறகு பாய் விரித்துத் தூக்கம். அம்மாக்கள் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தார்கள்.

அருணகிரியிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தெருவில் சாவு விழுந்தால், யாரும் சொல்லாமலே வந்து அந்தத் தெருவின் இணைப்பைக் கழற்றிவிடுவார். உடலை எடுத்த பிறகுதான் திரும்ப மாட்டுவார். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிறகு இணையத்தில் படம் காட்டும் நிறுவனம் ஒன்று வந்தது. அதே கம்பம், அதே அருணகிரி, ஒயர் மட்டும் புதிது. ஆனால் சந்தா நேராக நிறுவனத்துக்குப் போனது. நகராட்சிக்குப் பங்கு வரவில்லை. காப்பகத்தில் முதலில் பருப்புச் சாதம் நின்றது, அடுத்து ஆயா நின்றார். சீக்கிரமே கதவையும் பூட்டப்போவதாகச் சொன்னார்கள்.

நிறுவனம் கட்டாமல் விட்ட பங்கை வசூலிக்க, சென்னையிலிருந்து மீனலோசனி என்ற வழக்கறிஞரை நகராட்சி அமர்த்தியது. ஜெயித்தால் வசூலில் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை.

“நம்ம ஊர் வக்கீலுக்கு என்ன குறைச்சல்?” என்று ஒரு கவுன்சிலர் கேட்டார்.

“அவர் வீட்டுல ராத்திரி பகலா அந்தக் கம்பெனி படம்தான் ஓடுது. அவர் சம்சாரம் கேஸ் போட விடுவாங்களா?” என்றார் நகராட்சித் தலைவி.

நீதிமன்றத்தில் நிறுவனத்தின் வாதம் இது: “எங்கள் படம் கைபேசிக் கோபுரத்திலிருந்து காற்றில் வருகிறது. உங்கள் தெருவை நாங்கள் தொடுவதே இல்லை.”

மீனலோசனி அருணகிரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். துக்க நாளில் தான் ஒயரைக் கழற்றினால் தெரு முழுக்கப் படம் நின்றுவிடும் என்று அவர் சொன்னார். வழக்கு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். “வேலாயுதம் என்பவர் இறந்த அன்று, எங்கள் பதிவின்படி, அவர் தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் எங்கள் கரடிப் படம் ஓடியிருக்கிறது. ஒயரைக் கழற்றிய பிறகு அது எப்படி வந்தது? காற்றில்தானே?”

அருணகிரி தலையைக் குனிந்துகொண்டார். “அதை மட்டும் சொல்ல முடியாதுங்க.”

நடந்தது இதுதான். வேலாயுதத்தின் அடுத்த வீட்டுக்காரி ஜெசிந்தா. அன்று அவள் மகளுக்குக் காய்ச்சல். படம் ஓடினால்தான் குழந்தை வாயைத் திறக்கும். அவள் கொல்லை வழியாக அருணகிரியிடம் ஓடினாள்.

“அண்ணே, நேத்துலேர்ந்து புள்ள கஞ்சிகூட இறக்கல. சத்தமில்லாம வச்சுக்கிறேன், எங்க வீட்டுக்கு மட்டும் குடுங்கண்ணே. வெளிய தெரிஞ்சா இந்தத் தெருவுல நான் தலைகாட்ட முடியாது.”

“சொல்ல மாட்டேம்மா. புள்ள மேல சத்தியம்.”

துக்க வீட்டு வாசலில் இருந்த கம்பத்தில் ஏறி, அவர் ஒற்றை இணைப்பை மட்டும் மாட்டினார். வழி தவறிய கரடியின் படம் சத்தமில்லாமல் ஓடியது. அழுகைக் கூட்டத்திலிருந்து நழுவிய வேலாயுதத்தின் சின்ன மகன், ஜெசிந்தா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் தேடி அவன் அம்மா தவமணி வந்தாள். அவன் படம் பார்ப்பதைப் பார்த்தாள். கூப்பிடாமல் திரும்பிப் போனாள்.

இப்போது நீதிமன்றத்தின் கடைசி வரிசையில், மகளை மடியில் வைத்தபடி ஜெசிந்தா இருந்தாள். வழக்கு தோற்றால் காப்பகம் மூடப்படும். குழந்தையை விட இடமில்லாமல் அவள் வேலையும் போகும். வாயைத் திறந்தாலோ, சாவு வீட்டுப் பக்கத்தில் படம் போட்டவள் என்று தெரு பேசும். அவள் மகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அருணகிரி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது தவமணி எழுந்து நீதிபதியிடம் அனுமதி கேட்டாள்.

“அய்யா, அன்னிக்கு இவர் கம்பத்துல ஏறி அந்த வீட்டு ஒயரை மாட்டுனதை நான் பார்த்தேன். கம்பம் எங்க வாசல்லதான் இருக்கு. அந்தப் படத்தை என் பையனும் பார்த்தான்.”

படம் வந்தது காற்றில் அல்ல, தெருக் கம்பத்து ஒயரில்தான் என்று உறுதியாகி நகராட்சி ஜெயித்தது. காப்பகத்துக்கு ஆயா திரும்ப வந்தார். ஆனால் தெருவில் பேச்சு ஓயவில்லை. சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டு அருணகிரி உண்மையை மறைக்கலாமா என்றார்கள் சிலர். ஜெசிந்தாதான் எழுந்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். அடுத்தவள் ரகசியத்தைத் தவமணி ஏன் ஊரறியப் போட்டு உடைத்தாள் என்றார்கள் மற்றவர்கள்.

வாக்கைக் காத்தவர், பயந்து இருந்துவிட்டவள், எழுந்து சொன்னவள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தவமணி செய்ததுதான். படத்தை நிறுத்துவது துக்க வீட்டுக்குச் செய்யும் மரியாதை. அதை விட்டுக்கொடுக்கும் உரிமை அந்த வீட்டுக்காரிக்கே உண்டு. மகனைப் பார்த்தும் கூப்பிடாமல் திரும்பியபோதே அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் வாயால் வந்த பிறகு படம் போட்டது குற்றமாக இல்லை; அருணகிரி சொல்லியிருந்தால் காட்டிக்கொடுத்ததாகியிருக்கும். மடியில் குழந்தையோடு ஒருமுறையாவது பயந்தவர்கள் ஜெசிந்தாவைக் குறை சொல்லமாட்டார்கள். மறுநாள் அவள் போய்த் தவமணியின் கதவைத் தட்டினாள். “அக்கா” என்று தொடங்கினாள். தவமணி குறுக்கிட்டுக் கேட்டாள்: “அந்தக் கரடி கடைசியில வீடு போய்ச் சேர்ந்துச்சா? அதுக்குள்ள பையன் தூங்கிட்டான். இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கான்.”