சந்தையில் எடுத்த கணக்கு

வாந்திபேதி ஊரை வாரிக்கொண்டு போன காலம். அரண்மனை வைத்தியர் தன் சூரணத்தைத் தின்றவர்களில் நூறு பேரைச் சந்தையில் நிறுத்திக் கேட்டார். நூறு பேருக்கும் குணமாகிவிட்டதாம். ராஜா பூரித்துப்போனார்.

"தின்னவனும் சாகிறானே" என்று சொன்ன வெட்டியான் மொக்கையனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"தின்றும் குணமாகாத ஒருத்தனையாவது கூட்டிவாடா. இல்லாவிட்டால் முதுகுத்தோலை உரித்துவிடுவேன்" என்றார் வைத்தியர்.

மொக்கையன் போய் ஒரு மூட்டையோடு வந்து அவிழ்த்தான். எல்லாம் பிணத்தின்மேல் போர்த்தி வந்து அவனுக்குச் சேர்ந்த கோடித்துணி.

"சூரணம் தின்னுட்டு என் சுடுகாட்டுக்கு வந்த முந்நூத்திப் பன்னெண்டு பேரையும் கூப்பிட்டுப் பார்த்தேன் சாமி. ஒருத்தரும் எந்திரிக்கல. சந்தைக்கு நடந்து வந்தவங்களைத்தானே நீங்க கேட்டீங்க?"

வைத்தியர் மூக்கைப் பொத்தினார். "துணி வாய் திறந்து குறை சொல்லுமாடா?"

"சொல்லாது சாமி. உங்க கணக்குக்கு அதுதானே வசதி!"