எட்டாவது நாள் மனு

"இல்லாத ஆளைக் கொண்டுவரச் சொல்லி எதுக்கு மேடம் மனு?" என்றார் வீரணன்.

முப்பது வருடம் போலீஸில் இருந்து ஓய்வுபெற்று, அறுபத்திரண்டு வயதில் கறுப்புக் கோட்டு மாட்டியவர். வழக்கறிஞர் அங்கயற்கண்ணியிடம் தொழில் பழகுகிறார். குருவுக்கு நாற்பது வயது. நரையெல்லாம் சிஷ்யருக்குத்தான்.

எதிரே பேச்சி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் கருத்தபாண்டியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் எட்டு நாள் ஆகிறது. அப்படி ஒருவரைக் கூட்டிவரவே இல்லை என்கிறது ஸ்டேஷன்.

"பிடிச்ச ஆளை இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள நீதிபதி முன்னால நிறுத்தணும். அரசியல் சாசனத்துல இருக்கு," என்றார் அங்கயற்கண்ணி.

"அது புத்தகத்துல மேடம். எட்டு நாள் தாண்டுனா ஆளே இருக்க மாட்டான். நான் பார்த்திருக்கேன்."

பேச்சியை வைத்துக்கொண்டு இதைச் சொன்னது கொடுமை.

அங்கயற்கண்ணி ஒரு வெள்ளைத்தாளை வீரணன் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க சார். பேரு, வயசு, என்ன உடுத்தியிருந்தார்னு."

எழுதினார். பேச்சி எட்டிப் பார்த்தாள்.

"அய்யாவுன்னு எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுக்காரரு பேரு அது இல்லையே."

கிழித்துப் போட்டார். கருத்தபாண்டி, கருத்தபாண்டி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். படித்துப் பார்த்தால் அய்யாவு. அதையும் கிழித்தார்.

நல்ல உச்சிவெயில் நேரம். அவர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார்.

மூன்றாவது தாளில் கை நிற்கவே இல்லை. அய்யாவு. வயது இருபத்தாறு. நீலக் கட்டம் போட்ட கைலி. இடது காலில் மட்டும் செருப்பு.

"அவரு பேண்டு போட்டிருந்தாருங்க," என்றாள் பேச்சி. "இது யாரு?"

வீரணன் பேனாவைக் கீழே வைத்தார். விரல்கள் மேசைமேல் இன்னும் எழுதிக்கொண்டிருந்தன.

அங்கயற்கண்ணி அந்தத் தாளை எடுத்துப் படித்தார். பேச்சியின் மனுவைத் தானே எழுதி, கையெழுத்து வாங்கினார்.

"இன்னைக்கே தாக்கல் பண்ணிடறேன்மா."

பிறகு வீரணனின் தாளை அவரிடமே நீட்டினார்.

"இதையும் முடிங்க."

அவர் வாங்கவில்லை.

"அவனை ஜீப்புல ஏத்தி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு மேடம். அவனுக்கு மனு போட யாருமே இல்ல."

"யாரு வேணும்னாலும் போடலாம் சார். அவரைக் கடைசியாப் பார்த்தது யாருன்னு மட்டும் எழுதணும்."

பேச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றார் வீரணன்.