மூங்கில் கோலும் ராசா பொண்ணும்

கிட்ட வந்து உக்காரு கண்ணு. இன்னும் கிட்ட. 'ம்' கொட்டணும். நீ நிறுத்தினா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு ராசா. அவர்கிட்ட நீளமா ஒரு மூங்கில் கோல். அறுப்பு முடிஞ்சதும் தன் நாட்டுல இருந்த மூணு ஊருக்கும் போயி, நெல்லு அம்பாரத்துல சதக்குன்னு குத்தி உசரம் பாப்பாரு. அம்பாரம் உசந்தா அதான் வளந்த ஊரு. குட்டையா இருக்குற ஊருக்கு ஏரித்தண்ணி கெடையாது, மதக மூடிருவாரு.

அந்த வருசம் கடையூரு அம்பாரம் ராசா இடுப்புக்குக்கூட வரல. மதக மூடுன்னுட்டாரு மந்திரி. அப்போ அந்த ஊர்ல சடச்சின்னு நாத்து நடுறவ ஒருத்தி குறுக்க வந்து நின்னா.

"ராசா, நெல்ல அளந்தீங்க. ஊர அளக்கலையே."

"ஊர எத வச்சும்மா அளக்குறது?"

"அழுகுற புள்ளைய வச்சு. நடுத்தெருவுல கெடத்திட்டு, ஒளிஞ்சு நின்னு எண்ணுங்க. எத்தனையில தூக்குறாங்களோ அதான் அளவு."

மந்திரி சிரிச்சாரு. "உன் புள்ளைய உன் ஊரு தூக்காமலா போகும்? கெட்டிக்காரிதான்."

"என் புள்ள வேணாம் சாமி. ராசா புள்ளையக் குடுங்க."

ராசாவுக்கு ஒரே பொண்ணு, ஆறு மாசம். ம் சொல்லு. ஆங்.

தன் நாடு தன் புள்ளைய என்ன செய்யும்னு ராசாவுக்கும் தெரிஞ்சுக்கணும். நகையெல்லாம் கழட்டி, பழந்துணி சுத்தி, அவரே தூக்கிட்டு வந்தாரு.

மொதல்ல மேக்கூரு. அங்க அம்பாரம் கூரைய முட்டும். புள்ள ங்கே ங்கேன்னு கத்துது. ராசா வைக்கப்போருக்குப் பின்னால நின்னு எண்றாரு. பத்து, இருபது... டப்பு டப்புன்னு கதவு சாத்துறாங்க, சத்தம் தாங்கலையாம். நூறு எண்ணியும் ஒருத்தரும் வரல. ராசாவே ஓடிப்போயி அள்ளிக்கிட்டாரு.

அப்புறம் நடுவூரு. நாப்பதுல ஒருத்தன் வந்தான். "எந்தத் தெருப் புள்ள?"ன்னான். குனிஞ்சு பாத்து, நம்ம தெருப் புள்ள இல்லன்னு அவனே சொல்லிட்டுப் போயிட்டான்.

அப்புறம் கடையூரு. சடச்சி சாடை காட்டிருவான்னு மந்திரி அவளப் பக்கத்துலயே நிறுத்திக்கிட்டாரு. புள்ள 'ங்'குன்னுச்சு. ராசா "ஒண்ணு"ன்னாரு. சத்தமே இல்ல. எட்டிப் பாத்தா புள்ளையக் காணோம்.

ராசா வீடு வீடா ஓடுறாரு. மொத வீட்ல, "பசியில இருந்துச்சு, பால் குடுக்குறவகிட்ட விட்டுட்டேன்"னா ஒருத்தி. அடுத்த வீட்ல, "குடிச்சுருச்சு, உடம்பெல்லாம் புழுதி, வெந்நி ஊத்தக் குடுத்துட்டேன்"னா. மூணாவது வீட்ல ஒரு கெழவி கால நீட்டி, கால்மேல புள்ளையப் போட்டு, சளப்பு சளப்புன்னு குளிப்பாட்டுறா. நிமிந்துகூடப் பாக்கல.

"சும்மா நிக்காம அந்தச் சொம்ப எடுப்பா."

நாடாளுற ராசா சொம்ப எடுத்துக் குடுத்தாரு. மூணு கை மாறியாச்சு, யாரு புள்ளன்னு ஒருத்தர் கேக்கல.

"மதகு தெறந்தே கெடக்கட்டும்"னாரு, மெதுவா.

குளிச்ச புள்ளைக்குக் கண்ணு சொக்குது. அப்போ சடச்சி மூங்கில் கோல வாங்கினா. ஒரு முனைய ராசா தோள்ல வச்சா, மறுமுனைய மந்திரி தோள்ல வச்சா. நடுவுல தன் பழஞ்சேலையக் கட்டித் தூளியாக்கினா. புள்ளைய உள்ள போட்டு, ஒரே ஒரு தடவ ஆட்டி விட்டா.

தூளி ஆடுது, கத நின்னுச்சு. நீயும் கண்ண மூடு.