ஒற்றை வள்ளம்

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. மாற்றிச் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். நாகர்கோவிலில் அது அப்படித்தான் நடந்தது.

சீடர் சுயம்புலிங்கம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குரு ஜெசிந்தா ஒரு காலத்தில் அவருடைய வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தவர். இப்போது வடசேரியில் ஒரு மாடி வீட்டில் கணினியும் கையுமாக இருக்கிறார்.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து படிக்கலாம், திருத்தம் சொல்லலாம் என்று உலகத்துக்கே விட்டுவைத்த புள்ளியியல் மென்பொருள் ஒன்று உண்டு. ஆளாளுக்குத் தங்கள் பங்காகச் சிறு சிறு தொகுப்புகளை எழுதி அதில் சேர்ப்பார்கள். ஜெசிந்தா எழுதிச் சேர்த்ததன் பெயர் 'துலா'. சிலரை மட்டும் அளந்து ஊர் முழுவதையும் மதிப்பிடுகிற கணக்குகளை அது செய்யும். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதை நம்பி வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தாவிடம் கணினி நிரல் எழுதப் படிக்க வந்த முதல் நாளே சுயம்புலிங்கம், "இனிமே ஒங்கள டீச்சர்னுதான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஜெசிந்தா பதறிப்போய், "சார், வேண்டாம் சார்" என்று கெஞ்சிப் பார்த்தார். பிடித்த பிடியை விடுகிற ஆளில்லை அவர். அன்றிலிருந்து டீச்சர் அவரைச் சார் என்பார், சார் அவரை டீச்சர் என்பார். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சுயம்புலிங்கம் சொந்தமாக ஒரு தொகுப்பு எழுதினார். பெயர் 'கரைவலை'. மீன்பிடித் துறைகளில் சில விசைப்படகுகளையும், வள்ளம் என்கிற சில சிறு படகுகளையும் மட்டும் நிறுத்தி எடை பார்த்து, மாவட்டம் முழுக்க எவ்வளவு மீன் கரையேறியது என்று அது சொல்லும். கூடவே, அந்த மதிப்பீடு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற பிழை அளவையும் சொல்லும். அடிப்படைக் கணக்குகளுக்கு அது துலாவைத்தான் கூப்பிடும்.

அடுத்த மாதம் அவர் வேலை பார்த்த கல்லூரித் துறையில் ஒரு கருத்தரங்கு. "சுயம்பு சார் வீட்ல பொழுது போகாம கம்ப்யூட்டர் படிக்காராம்" என்று சிரித்தவர்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்காரப்போகிறார்கள். அதற்குள், இப்படிப்பட்ட தொகுப்புகளையெல்லாம் சேர்த்து வைக்கிற பொதுக் களஞ்சியத்தில் கரைவலை ஏறிவிட வேண்டும், திரையில் தன் பெயரோடு அது தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. மறைப்பானேன், வெறிதான்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் கேட்டார்.

"டீச்சர், ஒரு பேக்கேஜ் தயார் ஆயிட்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடது?"

"ஒங்களுது தயாரா சார்?"

"டெஸ்ட் மட்டும் நூத்துக்கு மேல எழுதியிருக்கேன். ஒண்ணுகூட விடாம எல்லாம் பச்சை. பாருங்க."

தொகுப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று கணினியே பார்த்துச் சொல்வதற்காக எழுதுகிற சோதனைகள் அவை; தேறினால் திரையில் பச்சை, தோற்றால் சிவப்பு. அவருடைய திரை நடவு முடிந்த வயல் போல இருந்தது.

"நல்லா இருக்கு" என்றார் ஜெசிந்தா. "சார், அடுப்புல பால் வச்சேன். கொஞ்சம் எறக்கிருங்களேன்."

சுயம்புலிங்கம் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"இப்ப மறுபடி ஓட்டுங்க."

ஓட்டினார். எல்லாம் பச்சை.

"பாத்தீங்களா" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"பாத்தேன். நீங்க அந்தால போனப்போ ஒங்க ப்ரோக்ராம்ல ஒரு இடத்துல கை வச்சேன். விசைப்படகு மீனையும் வள்ளத்து மீனையும் கூட்டுற இடம் இருக்குல்லா? கூட்டல எடுத்துட்டுக் கழித்தல் போட்டுட்டேன்."

சுயம்புலிங்கம் திரையைப் பார்த்தார். வள்ளக்காரர்கள் பிடித்த மீனையெல்லாம் கரைவலை கடலுக்கே திருப்பி அனுப்பியிருந்தது. சோதனைகளோ ஒன்று பாக்கியில்லாமல் பச்சையாகவே நின்றன.

"ஒங்க டெஸ்ட்டெல்லாம் என்னதான் கேக்குது சார்?"

"விடையா ஒரு எண் வருதா... காலியா விடாம இருக்கா... பாதியில நிக்காம முடியுதா..."

"அந்த எண் சரியான்னு?"

அவர் சோதனைகளை மேலும் கீழும் உருட்டித் தேடினார்.

"பரீட்சை ஹால்ல அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கீங்க சார். பேப்பர் திருத்தல."

முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய மனிதருக்கு இது சுருக்கென்று தைத்தது. காபி குடிக்காமலே எழுந்தார்.

"தயாரான்னு கேட்டீங்களே" என்றார் ஜெசிந்தா வாசல்வரை வந்து. "செவப்பு வரவச்சுட்டு வாங்க."

வீட்டுக்குப் போன சுயம்புலிங்கம் பழைய சோதனைகளை எல்லாம் தூக்கிப் போட்டார். வெள்ளைத்தாள் எடுத்து வைத்துக்கொண்டு, மனதுக்குள்ளேயே மூன்று துறைகளைக் கட்டினார். முதல் துறைக்கு நாலு படகு, இரண்டாவதற்கு மூன்று. மூன்றாவது ரொம்பச் சின்னது, அங்கே அளக்கக் கிடைத்தது ஒரே ஒரு வள்ளம். எடைகளைச் சின்னச் சின்ன முழு எண்ணாக வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டார். தன் கை போட்ட விடையும் நிரல் சொல்கிற விடையும் ஒத்துப்போகிறதா என்று கேட்கும்படி புதிய சோதனைகளை எழுதினார்.

முதல் துறை பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவது சிவப்பு.

மூன்றாவதில் அவர் தாளில் எழுதியிருந்த விடை: 'தெரியாது'. ஒரே ஒரு வள்ளத்தை அளந்துவிட்டு, வள்ளத்துக்கு வள்ளம் மீன் எவ்வளவு மாறும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் நிரல் சொன்ன பிழை அளவு பூஜ்ஜியம். அதாவது, கொஞ்சம்கூட மாறாது, சந்தேகமே வேண்டாம் என்று அடித்துச் சொன்னது.

தன் தப்பாகத்தான் இருக்கும் என்று ஒரு வரி விடாமல் தேடினார். தப்பு கரைவலையில் இல்லை. துலாவுக்குள் போய்ப் பார்த்தார். திறந்து கிடக்கிற நிரல்தானே, கதவைத் தட்ட வேண்டிய தேவையில்லை. ஓர் இடத்தில் எழுதியிருந்தது: ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றால் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு மேலே போ.

சுயம்புலிங்கம் கைக்கணக்குத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

இதைச் சொல்வதென்றால் துலாவின் பொதுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். முறை அதுதான். எழுதினால் ஊர் உலகமெல்லாம் படிக்கும். எத்தனை வருஷமாக டீச்சர் கட்டிக் காத்த பெயர்! போதாக்குறைக்கு, துலா திருந்தி, அதை எல்லாரும் பார்த்து ஒப்புக்கொள்ள இரண்டு மாதமாவது ஆகும்; அதுவரை கரைவலையும் களஞ்சியத்தில் ஏற முடியாது. கருத்தரங்குக்குப் போய் நின்று எதைக் காட்டுவது?

இந்த இரண்டில் எது தன்னைத் தடுத்தது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பேசாமல் கரைவலையில் இரண்டே வரி சேர்த்தார். ஒற்றை வள்ளமாக இருந்தால் துலாவைக் கேட்காதே, நீயாகவே 'தெரியாது' என்று சொல்லிவிடு. ஓட்டிப் பார்த்தார். எல்லாம் பச்சை.

அடுத்த சனிக்கிழமை ஜெசிந்தா கூட்டலைக் கழித்தலாக்கினார். பளிச்சென்று சிவப்பு வந்தது. பெருக்கலை வகுத்தலாக்கினார். அதுவும் சிவப்பு. ஒரு எண்ணைத் திருகினார். சிவப்பு.

"அடேயப்பா!" என்று கையைத் தட்டினார் ஜெசிந்தா. "எங்க கை வச்சாலும் கடிக்குதே!"

சுயம்புலிங்கம் சிரித்தார். ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை.

ஜெசிந்தா நிரலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"இந்த ரெண்டு வரி எதுக்கு சார்?"

"அது... சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"எதுகிட்ட இருந்து?"

 ஜெசிந்தா அந்த இரண்டு வரியையும் அழித்துவிட்டுச் சோதனையை ஓட்டினார். மூன்றாம் துறை சிவந்தது. துலாவைத் திறந்தார். எந்த இடம் என்று அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் எழுதியதுதானே.

அந்த வரியில் விரலை வைத்தார்.

"அன்னைக்கு ப்ரோக்ராம் அந்த எடத்துல நின்னு நின்னு போச்சு" என்றார் ஜெசிந்தா. "அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு பூஜ்ஜியத்தப் போட்டு வச்சேன். அந்த அப்புறம் வரவே இல்ல." அவர் முகம் சிவந்திருந்தது. "சார், இதை நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"திங்கக்கெழமை."

"இன்னைக்குச் சனி. ஏன் சொல்லல?"

"ஒங்க பேரு டீச்சர்... எவ்வளவு பேர் மதிக்காங்க. நாலு பேர் பாக்க நான் போயி எழுதுததா?"

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சார், எங்க கிளாஸ்ல நீங்க ஒருநாள் போர்டு நெறய ஒரு கணக்குப் போட்டீங்க. நடுவுல ஒரு வரி தப்பு. நான் எந்திச்சு சொல்லிட்டேன். கிளாஸே நடுங்கிப் போச்சு. ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"எனக்கு இருக்கு. நீங்க ஒண்ணும் பேசல. நேரா எங்கிட்ட வந்து சாக்பீஸ என் கையில குடுத்தீங்க."

சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு யோசித்தும் அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. வராததில்தான் அவருக்கு அதிக வெட்கமாக இருந்தது.

"எழுதுங்க சார்" என்று கணினியை அவர் முன்னால் தள்ளினார் ஜெசிந்தா. "இங்கேயே. என் முன்னாலயே."

அவர் எழுதினார். மூன்று துறை, ஒற்றை வள்ளம், கைக்கணக்கு, பூஜ்ஜியம் என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார். பொத்தானை அழுத்தினார்.

"கருத்தரங்குக்கு முன்னாடி கரைவலை ஏறாது சார். தெரியும்லா?"

"தெரியும்."

"முன்வரிசையில சிரிப்பாங்களே?"

"சிரிக்கட்டும். அந்தச் செவப்பையே பெரிசாப் போட்டுக் காட்டுதேன்" என்றார் சுயம்புலிங்கம். சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் பழைய வகுப்பறைக் குரலாக ஒலித்தது அவருக்கே தெரிந்தது.

இரண்டொரு நாளில் அந்தப் பக்கத்தில் பதில்கள் வந்து குவிந்தன. 'எங்களுக்கும் பூஜ்ஜியம் வந்தது, எங்கள் கணக்கு அவ்வளவு துல்லியம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவருக்குக் கோபம். 'இத்தனை ஆண்டுகளாக இதை ஒருவரும் பார்க்கவில்லையா?' என்று கேட்டிருந்தார்.

அதன் கீழே ஜெசிந்தாவின் பதில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைச் சுயம்புலிங்கம் மனதுக்குள் தமிழில் படித்துக்கொண்டார்.

'இல்லை. தவறு என்னுடையது. இப்போது ஒருவர் பார்த்துவிட்டார். அவர் என் ஆசிரியர்.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தார். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை தன்னைப் பற்றியதா, மூன்றாவது பெஞ்சைப் பற்றியதா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை ஓர் அறிவிப்பு வந்தது. துலாவின் நிரலில் நேரடியாகத் திருத்தம் செய்யும் உரிமை சுயம்புலிங்கத்துக்கும் தரப்பட்டிருந்தது. அதுவரை அந்த உரிமை ஜெசிந்தா ஒருவரிடம் மட்டுமே இருந்தது. கூடவே ஒரு வரி: 'சார், அந்தப் பூஜ்ஜியத்தை நீங்களே எடுத்துடுங்க.'

செருப்பை மாட்டியது தெரியாமல் வடசேரிக்குக் கிளம்பினார். படியேறி வந்து வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார்.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க? நான் நேத்துப் படிக்க வந்தவன். இதை நம்பி எத்தனை பேர் இருக்காங்க!"

ஜெசிந்தா நேந்திரங்காய் சிப்ஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதனாலதான் சார்."

"நீங்க எழுதினதுல நான் கை வைக்கதா?"

"நீங்க எழுதினதுல நான் வைக்கலியா?"

"அது வேற டீச்சர். நீங்க சோதிச்சுப் பாக்க வச்சீங்க. நான் நெசமாவே தப்புப் பண்ணிட்டேன்னா?"

ஜெசிந்தா கணினியைத் திறந்தார். சுயம்புலிங்கம் தாளில் கட்டிய மூன்று துறைகளும், அந்த ஒற்றை வள்ளமும், இப்போது துலாவின் சோதனைகளிலேயே முதல் இடத்தில் இருந்தன. திரையை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"செவப்பு வரும் சார்."