டைரக்டர் அறையில் நின்ற ஃபேன்

நர்சரிப் பள்ளி இங்கிலீஷ் டீச்சர் செண்பகவல்லிக்குச் சீனாவின் செங்டு நகரத்தில் வேலை என்று அழைப்பு வந்தது. வீடியோவில் பேசிய டைரக்டர் ஞானதுரை கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். பின்சுவரில் சீன எழுத்துக் காலண்டர் வேறு.

"இன்னைக்கே ராஜினாமா பண்ணிட்டு, அசல் சான்றிதழ்களை நம்ம பாளையங்கோட்டை ஆபீஸ்ல குடுத்துரும்மா. டூரிஸ்ட் விசாவே போதும்."

நம்பவும் முடியவில்லை, விடவும் மனசில்லை. மடியில் கிடந்த பேப்பரைப் புரட்டினாள்.

"ஒரே குழப்பமா இருக்கு சார். நாளைக்குக் காலையில, நம்ம மணிக்கு ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது, இன்னொரு தடவை பேசலாமா?"

"இங்க சீனாவுல நான் எவ்வளவு பிஸி தெரியுமா?" என்று அலுத்துக்கொண்டவர், மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்து செங்டுவின் பெருமையை அளந்தார். மணி ஒன்பதானதும் அவர் முகம் இருண்டது. படபடத்துக்கொண்டிருந்த காலண்டர் அடங்கியது. ஞானதுரை கழுத்தைத் துடைத்தபடி ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"இப்பவும் குழப்பம்தான் சார்," என்று செண்பகவல்லி பேப்பரைக் கேமராவுக்கு நேரே விரித்தாள். "மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்னைக்கு ஒன்பது மணிக்குப் பாளையங்கோட்டையில கரண்ட் நிறுத்துறாங்கன்னு போட்டிருக்கு. சீனாவுல எதுக்கு சார் நிறுத்துறாங்க?"