பிரதானியைத் தூக்கிய ராசா

வெகு காலத்துக்கு முன்னால் நெடுங்குன்றச் சீமையை இடும்பராயன் என்று ஒரு ராசா ஆண்டான். ஆண்டான் என்பது சும்மா மரியாதைக்குச் சொல்வது. உழுகிறவன் உழுதான், நெய்கிறவன் நெய்தான், ராசா சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டான். அந்த ஏப்பத்துக்கும் "ஆகா, என்ன கம்பீரம்!" என்று சொல்ல ஒருவர் இருந்தார். அவர்தான் பிரதானி நாகலிங்கம்.

தன் உருவத்தைக் கல்லில் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் ராசாவுக்கு ஆசை வந்தது. சிலை செய்தாயிற்று. அரண்மனைக் குளத்தின் நடு மண்டபத்தில் நிறுத்தத் தெப்பத்தில் ஏற்றினார்கள். சிலை மட்டும் போயிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும். பிரதானியும் ஏறினார். அவருக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு குடை, குடைக்கு ஓர் ஆள், போதாததற்கு மேளமும் நாயனமும். பாதி வழியில் தெப்பம் கவிழ்ந்தது. பிரதானி நீந்திக் கரையேறினார். கல் ராசா அடிமண்ணுக்குப் போய்விட்டார்.

முக்குளிக்கும் ஆட்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்து வந்தார்கள். அவர்கள் மூழ்கிக் கயிறு கட்டினார்கள். பிறகு எட்டே பேர் தண்ணீருக்குள் சிலையைத் தூக்கித் தூக்கி, படித்துறை வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

ராசா துள்ளினான். "பிரதானி, நீர் மூழ்கடித்ததை இவர்கள் அரை நாளில் மீட்டுவிட்டார்களே! உம் பதவியை இவர்களில் ஒருவருக்குக் கொடுத்தால் என்ன?"

பிரதானிக்கு வயிறு எரிந்தது.

சிலை தண்ணீரை விட்டு வெளியே வரத் தொடங்கியதும் நின்றுவிட்டது. எட்டுப் பேரால் முடியவில்லை. பன்னிரண்டு பேரும் பிடித்தார்கள். அசையவில்லை.

பிரதானி ராசாவின் காதருகே வந்தார். "மகாராசா, உள்ளே எட்டுப் பேர் தூக்கியது வெளியே பன்னிரண்டு பேருக்கு வரவில்லையாம். அதே சிலை, அதே கைகள். தங்கள் முகத்தைச் சேற்றில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றே நடிக்கிறார்கள்!"

"அப்படியா? பன்னிரண்டு பேருக்கும் கட்டைவிரலை வெட்டுங்கள்! என் சாப்பாட்டு நேரத்துக்குள் முடியுங்கள்."

கட்டைவிரல் போனால் கயிறு பிடிக்க முடியாது. கயிறு பிடிக்காதவன் வீட்டில் உலை கொதிக்காது. வெட்டுக்கு நிறுத்திய வரிசையில் எட்டாவதாக நின்ற சடையனின் மனைவி கொளஞ்சி, குதிரை லாயத்துக்குத் தண்ணீர் இறைப்பவள். செய்தி கேட்டதும் ஓடி வந்து ராசாவின் முன்னால் நின்றாள்.

"ராசா, வெட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. அதுல நீங்க தோத்துட்டா என் விரலையும் சேத்து வெட்டுங்க."

"நான் தோற்றால் உன் விரலை ஏன் வெட்ட வேண்டும்?"

"வழக்கம் அப்படித்தானே, ராசா?"

ராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, என்ன சோதனை?"

"மார்பளவு தண்ணியில நின்னு பிரதானி ஐயாவைத் தூக்குங்க. கீழ விடாம அப்படியே படியேறி வாங்க. வந்துட்டீங்கன்னா இவங்க நடிக்கிறாங்கன்னு நானே ஒத்துக்கறேன்."

"மகாராசா, எனக்குச் சளி பிடிக்கும்..." என்று இழுத்தார் பிரதானி.

"இறங்கும்!"

தண்ணீருக்குள் ராசா ஒரே கையால் பிரதானியைத் தூக்கினான். தாம்பாளத்தைச் சுற்றுவதுபோல் சுற்றினான். "பாருங்கள், வெறும் பஞ்சு மூட்டை!" காவலர்கள் கைதட்டினார்கள். ராசா படியேறினான். இடுப்பளவு தண்ணீரில் இரண்டாவது கையும் வேண்டியிருந்தது. முழங்காலளவில் முகம் சிவந்தது.

"மகாராசா, கெட்டியாகப் பிடியுங்கள்!"

"பேசாமல் இரும்! காலையில் என்ன, அம்மிக்கல்லைத் தின்றீரா?"

மேல்படியில் கை நழுவியது. பூமி யாருடைய பட்டத்தையும் விசாரிப்பதில்லை. லாயத்துச் சாணக்கூடையை எப்படி இழுக்குமோ அப்படியே பிரதானியையும் இழுத்தது. தொப்!

கொளஞ்சி குனிந்து கேட்டாள்: "பிரதானி ஐயா, தண்ணிக்குள்ள ஒத்தைக் கையில தூக்கினவர் வெளிய ரெண்டு கையிருந்தும் போட்டுட்டாரே. அதே ஆளு, அதே கை. உங்க நியாயப்படி ராசா வேணும்னே நடிக்கிறாரு. அப்படித்தானே?"

ராசா பிரதானியைப் பார்த்தான். பிரதானி பதறி எழுந்தார். "ஐயோ, இல்லை! மகாராசா மகாபலசாலி! உள்ளே இருந்தவரை என்னைத் தண்ணீர் தாங்கியது. வெளியே தாங்கவில்லை!"

"இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. விரல் வெட்டக் கத்தியோட நிக்கிறவருக்குக் காது மந்தம்" என்றாள் கொளஞ்சி.

"தண்ணீர் எப்படித் தாங்கும்?" என்றான் ராசா.

"ஒரு பொருள் உள்ள இறங்கினா அந்த இடத்துத் தண்ணி விலகிப் போகுதில்ல? விலகின தண்ணி எவ்வளவு பாரமோ, அவ்வளவு பாரத்தைக் குளம் கீழேயிருந்து தாங்கும். மனுச உடம்பு கிட்டத்தட்ட தண்ணி பாரம்தான். அதான் ஐயா பஞ்சானாரு. கல்லு தண்ணியைப்போல ரெண்டரை மடங்கு. அதுல ஒரு மடங்கைக் குளம் சுமந்துச்சு, மிச்சத்தை எட்டுப் பேர் சுமந்தாங்க. வெளிய வந்ததும் குளம் கையை எடுத்துக்கிச்சு. பன்னெண்டு பேர் போதாது, இன்னும் ரெண்டு பேர் வேணும்."

"எந்தப் பண்டிதரிடம் படித்தாய்?"

"தினமும் முந்நூறு குடம் இறைக்கிறேன், ராசா."

கிணற்றடிக்குப் போன அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

காவலர் இருவர் கயிற்றைப் பிடிக்க முன்னே வந்தார்கள். ராசா அவர்களைத் தடுத்தான். நல்ல புத்தி ராசாக்களுக்கு அத்தி பூத்தாற்போலத்தான் வரும். அன்று பூத்தது. "பிரதானி, கயிற்றைப் பிடியும்" என்று சொல்லிவிட்டுத் தானும் பிடித்தான். பதினான்கு பேர் ஒரே மூச்சில் இழுத்தார்கள். சிலை கரையேறியது. ராசாவின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

அவன் கையை ஊதிக்கொண்டே பன்னிரண்டு பேரையும் விடுவித்தான். "உனக்கு என்ன வேண்டும், கொளஞ்சி?"

"ஒரு வேலையில குத்தம் சொல்றவங்க, முதல்ல அந்த வேலையைச் செஞ்சு பாக்கணும். அதைச் சட்டமாக்குங்க, ராசா."

"ஆக்கினேன். பிரதானி, நாளை முதல் ஒரு மாதம் லாயத்துக் கிணறு உம் பொறுப்பு."

மறுநாள் காலையில் பிரதானி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தைக் கிணற்றில் இறக்கினார். குடம் நிறைந்து மூழ்கியது. கயிற்றை ஒரு சாண் இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பூ! இவ்வளவுதானா உன் வேலை?"

"குடம் இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கு, ஐயா" என்றாள் கொளஞ்சி. "இழுங்க."