மரத்தில் குடியிருந்தவர்கள்

"மழையைக் கூப்பிட ஒரு மந்திரம் சொல்லிக் குடுங்க, தாயே" என்றார் சடையாண்டி.

அவருக்கு அறுபத்தொரு வயது. உண்ணாமுலை அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர்தான் சீடர். மலையில் மிச்சமிருந்த ஒரே மரம் ஒரு பெரிய நாவல். அதன் அருகில்தான் அம்மையின் குடிசை.

அம்மை பானையைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கே ஒரு மந்திரம் தெரியுமே, ஐயா. அதைச் சொல்லுங்க."

சடையாண்டிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதை மந்திரம் என்று அவரே நினைத்ததில்லை.

அந்த மலையூரில் மரம் வெட்டுமுன் அதில் குடியிருக்கும் உயிர்களிடம் விடை கேட்பார்கள். கேட்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு. தேங்காய் உடைத்து அவர் சொல்லாமல் யாரும் கோடாலியைத் தொடமாட்டார்கள். இருபது வருடமாக மலை முழுவதும் லாரியேறிப் போனது. ஒரு மரம் விடாமல் சொல்லியிருக்கிறார். மரியாதையில் மட்டும் அந்த ஊர் குறையே வைத்ததில்லை.

இப்போது மூன்று வருடமாக மழை இல்லை. சுனையும் வற்றிவிட்டது. பதினான்கு வீடுகள்தான் இன்னும் பூட்டாமல் இருந்தன. தண்ணீருக்கு ஆழமாகத் துளைத்துப் போர் போடும் லாரி மேலே வரவேண்டும். பாதை திரும்புமிடத்தில் இந்த நாவல் வழியை அடைத்து நிற்கிறது. போர் போடாவிட்டால் எல்லோரும் சமவெளிக்கு இறங்கிவிடுவதென்று ஊர் முடிவெடுத்திருந்தது. பிறந்த மண்ணை விட்டுப் போக சடையாண்டிக்கு மனசில்லை.

மந்திரம் கிடைத்தால் மரமும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் இந்த மரத்துக்கும் விடை சொல்லவேண்டியதுதான்.

அம்மை விடவில்லை. சடையாண்டி கூச்சத்தோடு சொன்னார்.

"இந்த மரத்துல குடியிருக்கிறவங்க எல்லாரும், எங்களைப் பொறுத்துக்கிட்டு, வேற எடம் பாத்துப் போங்க."

"போங்கன்னா சொல்வீங்க?"

"ஆமா தாயே."

"உங்க வீட்டுக்கு வந்தவங்க கிளம்பினா என்ன சொல்வீங்க?"

"போயிட்டு வாங்கன்னு சொல்வோம்."

சண்டைக்கு வந்தவனைக்கூட அந்த ஊரில் வெறுமனே போ என்று அனுப்புவதில்லை.

சடையாண்டி கேட்டார், "போயிட்டு வாங்கன்னு எப்படிச் சொல்றது? வர்றதுக்கு மரம் இருக்காதே."

இதுவரை யார் யார் போனார்கள் என்று அம்மை கேட்டாள். அணில் போனது, இருவாச்சிப் பறவை போனது, தேனீ போனது, மரநாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போனது என்று அவர் சொன்னார். எல்லாம் அவர் கண்ணால் பார்த்தவை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மை பானையைக் கொண்டுபோய் நாவலின் அடியில் வைத்தாள். அவரையும் அங்கே உட்காரச் சொன்னாள்.

மேகம் வந்தது. மொட்டை மலைமேல் தவழ்ந்து வந்தது. எங்கும் நிற்காமல் தாண்டிப் போனது. நிற்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

நாவலைத் தொட்ட மேகம் மட்டும் அங்கேயே தங்கியது. இலைகள் நனைந்தன. கிளைகளில் படர்ந்திருந்த பாசி ஊறியது. பானையில் ஒரு சொட்டு விழுந்தது. சடையாண்டியின் தோளில் ஒன்று விழுந்தது.

"மழையா, தாயே?"

"நாலடி தள்ளி நின்னு பாருங்க."

தள்ளி நின்றார். காலடியில் மண் பொடியாகக் கிடந்தது. மரத்தடிக்கு வந்தார். தலை நனைந்தது. மறுபடி தள்ளி நின்றார், மறுபடி வந்தார். பிறகு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் போங்கன்னு சொல்லிட்டேனே, தாயே. மழையும் போயிருச்சே."

அம்மை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் தாங்கவில்லை.

மேகம் விலகியபோது பானை பாதி நிறைந்திருந்தது. ஒரு ஆளுக்குப் போதும். பதினான்கு வீட்டுக்குப் போதாது.

வெட்டு ஆட்கள் கோடாலியோடு மேலே வந்தார்கள். ஊரும் பின்னால் வந்தது. சடையாண்டியின் தங்கை மகன் மருதப்பன் ஒரு கையில் கோடாலியோடு தேங்காயை நீட்டினான். லாரி கீழே நிற்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் மாமா என்றான்.

சடையாண்டி தேங்காயை உடைத்தார். கும்பிட்டார். வெகு நேரம் கும்பிட்டபடியே நின்றார். நாவல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மரத்துல குடியிருக்கிறவங்க எல்லாரும் இருங்க" என்றார்.

வெட்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க போறோம்" என்று முடித்தார் சடையாண்டி.

மருதப்பன் கோடாலியைக் கீழே வைத்தான். கூட்டத்தில் ஒரு பெண் அழத் தொடங்கினாள்.

அம்மை அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள். "போயிட்டு வர்றோம்னு சொல்லுங்க, ஐயா."

சடையாண்டி மரத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் மொட்டையாகக் கிடந்த மலையைப் பார்த்தார்.

"போயிட்டு..." என்றார்.

அதற்குமேல் அவருக்கு வரவில்லை.